அப்பாவின் அவசரம்

இடுப்பில் கட்டும் துணைப்பட்டை வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. அதுதான் வினையாகப் போயிற்று. வேறொரு நாளில் வந்திருந்தால் சுகன்யா பெட்டியைப் பிரித்தோமா, குறிப்பைப் படித்தோமா, மாட்டினோமா என்று வேலையை முடித்திருப்பாள். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டதால் பூஜை போட்டாள்.

புதிதாக எந்தப் பொருள் வீட்டுக்குள் நுழைந்தாலும் அதற்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்காவிட்டால் அவளுக்குக் கை ஓயாது. ஃபிரிட்ஜுக்கு வைத்தாள், சரி. மொட்டை மாடியின் சூரியத் தகடுகளுக்கு வரிசையாக வைத்தபோது கம்பெனிக்காரர் ஏறி வந்து தலையில் அடித்துக்கொண்டார். தானாக ஓடும் காருக்கு முன்புறம் கண் மாதிரி ஒன்று இருந்தது. அதன் நட்டநடுவில் பொட்டு வைத்துவிட்டாள். கார் எதிரே ஏதோ நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசலை விட்டு நகரவே இல்லை. இத்தனைக்கும் அவள் ஆடிட்டர். பொள்ளாச்சியில் பாதிப் பேருடைய கணக்கைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பவள். ஆனால் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள்.

"என்ன அம்மணி, மணிச் சத்தம் கேக்குது?" என்று உள்ளறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"உங்களுக்கு வாங்குன பட்டை வந்துருச்சுங்கப்பா. சாமிகிட்ட வெச்சிருக்கறேன்."

"அதையுமா?" என்றார் ஆறுச்சாமி. "கும்பிடறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா உனக்கு?"

ஆறுச்சாமி பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சாலையோரம் நின்று கையை நீட்டினால் மலையிறக்கத்தில் வருகிற வண்டியும் நிற்கும். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கண்டக்டர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படி ஊரையே நிறுத்தி வைத்தவருக்கு, போன வருடத்திலிருந்து ஒன்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. அதுவும் ராத்திரியில்.

முதல் தடவை படுக்கை நனைந்தபோது சொம்புத் தண்ணீர் கொட்டிவிட்டது என்றார். சுகன்யாவும் நம்பினாள். மறுபடியும் சொம்பு கவிழ்ந்தது. அப்புறம் அறையில் சொம்பே இல்லாத நாளிலும் கவிழ்ந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் விரிப்பை எடுத்து மெஷினில் போட்டாள். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாள். பெரியவர்களுக்கான டயப்பரை மெல்லப் பேச்சில் நுழைத்துப் பார்த்தாள். "அதக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கோணும்னா என்னைக் கொண்டுபோய்த் திண்டல் மலையில உட்டுரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அலாரம் வைத்ததில் பக்கத்து வீட்டு நாய் எழுந்தது, இவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நாக்கு வறண்டு, பேசும்போது உதடு ஒட்டிக்கொண்டது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சுகன்யாவைத்தான் திட்டினார். அவளுக்கும் அவர் திட்டியது நியாயமாகத்தான் பட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் துளசிமணி அத்தை பத்திரிகையோடு வந்தாள். அத்தை அப்பாவுக்குக் கடைக்குட்டித் தங்கை. அவர் தோளில் தூக்கி வளர்த்த தங்கை. அவள் மகள் யாழினிக்குக் காங்கயத்தில் கல்யாணம். அப்பாதான் ஒரே தாய்மாமன். மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி ஏறும். முதல் நாள் சாயங்காலமே வந்து, எல்லோரையும் போல மண்டபத்தில் தங்க வேண்டும்.

"மூட்டு வலி தொளசி. அவ்வளவு தூரம் உக்கார முடியாது. சின்ன வயசா வேற யாரையாச்சும் வெச்சுக் கட்டிக்கங்க" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வேற யாரு இருக்கறாங்கண்ணா? நீ வரலீன்னா நான் அந்தக் கல்யாணத்தையே நடத்த மாட்டேன்" என்று அத்தை அழுதுகொண்டே போய்விட்டாள்.

மூட்டு வலி பொய் இல்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. மண்டபத்தின் மாடி ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து, சம்பந்தி வீட்டுக்காரர்கள் உட்பட அத்தனை ஆண்களும் வரிசையாகப் படுப்பார்கள். அந்த ஜமுக்காளம் எல்லோருக்கும் பொது. அதில் காலையில் எழுந்திருக்கும்போது தன்னைச் சுற்றி ஒரு ஈர வட்டம் இருக்குமே என்பதுதான் அவர் பயம். அவர் சொல்லாவிட்டாலும் சுகன்யாவுக்குத் தெரியும். அன்று ராத்திரியே துணைப்பட்டைக்கு எழுதிப் போட்டாள்.

பட்டையைப் பற்றி விளக்கியவள் கம்பெனியின் நஸ்ரின் என்ற பெண். கோயம்புத்தூரிலிருந்து திரையில் தோன்றிப் பேசினாள். பக்கத்தில் அப்பா, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போலச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மூத்திரப் பை நெறைஞ்சா அந்தச் சேதி மூளைக்குப் போகுமுங்க மேடம். வயசானவங்களுக்குத் தூக்கத்துல மூளை அதைக் காதுல வாங்கறதில்ல. அதனால அந்தச் சேதிய நாங்க இன்னொரு மூளைக்கு அனுப்பறோம்."

"யாரு மூளைக்கு?"

"உங்க மூளைக்குத்தாங்க. ரெண்டு பட்டை இருக்கு. ஒண்ணு குடுக்கறது, ஒண்ணு வாங்கறது. ரெண்டையும் இடுப்புல கட்டிக்கணும். சாருக்கு வந்தா உங்களுக்கும் வர்ற மாதிரியே இருக்கும். நீங்க எந்திரிச்சு அவரைக் கூட்டிட்டுப் போகணும். அவரு போயிட்டு வந்துட்டா உங்களுக்கும் லேசாயிரும்."

"நான் பாட்டுக்கு எனக்குன்னு நெனச்சு, நானே போயிட்டு வந்து படுத்துட்டா?"

"நெறையப் பேரு அதைத்தாங்க பண்றாங்க" என்று நஸ்ரின் சிரித்தாள். "போகப்போகப் பழகிரும். எது யாருக்குன்னு புள்ளி இருக்கும், நீலம் குடுக்கறது, பச்சை வாங்கறது. பாத்துக் கட்டுங்க."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார். "என்ற வயித்துக்கு இவ எதுக்கும்மா எந்திரிக்கோணும்?"

"நீங்க இவங்களுக்கு எந்திரிச்சதில்லீங்களா சார்?"

அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

பூஜையில் வைத்த பட்டைகளைச் சுகன்யா அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்தபோது, இரண்டிலும் நடுவில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம். சாமிக்கு வைத்ததை அன்றைக்கே சுரண்டி எடுப்பார்களா என்ன? தட்டில் இடப்புறம் இருந்தது அப்பாவுடையது என்று ஞாபகம். ஆரத்தி சுற்றும்போது தட்டை எத்தனை தடவை திருப்பினோம் என்பது ஞாபகமில்லை. இடப்புறம் இருந்ததை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தான் கட்டிக்கொண்டாள்.

அன்று ராத்திரி அவளுக்கு வந்தது. வயிற்றின் அடியில் நன்றாக, அழுத்தமாக. ஆஹா, விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று எழுந்தாள். அப்பா அறையில் விளக்கைப் போட்டால், அவர் ஏற்கெனவே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காலைத் தரையில் ஊன்றி, எழுந்திருக்கத் தயாராக.

"முழிச்சுட்டீங்களா?"

"ம். என்னமோ மாதிரி இருந்துச்சு."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வந்தது வந்தோம் என்று அவர் திரும்பியதும் தானும் போய்விட்டு வந்தாள். காலையில் விரிப்பு காய்ந்திருந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாக அந்த விரிப்புக்குப் பயந்துகொண்டே விடிந்த வீடு அது.

அதற்கப்புறம் படுக்கை நனையவே இல்லை. அப்பா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். உதடு ஒட்டாமல் பேசினார். அதனால் அதிகமாகவே பேசினார். சுகன்யாவுக்கு இருந்த ஒரே குறை, அப்பாவுக்கு ராத்திரியில் இத்தனை தடவையா என்பதுதான். கண் அசந்தால் எழுப்பிவிடுகிறது. அதுவும் விடியற்காலையில் தூசி ஒவ்வாமல் அவள் தும்முகிற நேரத்தில் பார்த்துத்தான் அவருக்கும் வரும்.

"இத்தனை தடவை வந்தா ஒடம்பு என்னத்துக்குங்கப்பா ஆகும்? சாயங்காலக் காபியை நிறுத்திரலாம்" என்றாள் ஒரு நாள், தன் டம்ளரை உறிஞ்சிக்கொண்டே.

அப்பா அவள் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "செரி அம்மணி" என்றார்.

அம்மா இருந்த காலத்தில் காபி விஷயத்தில் அவளிடமே விட்டுக்கொடுக்காத மனிதர் இப்படி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டபோதாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில் சொன்னாள், துளசிமணி அத்தையிடம் சொன்னாள், ஆபீசில் சொன்னாள். "பாவம் அப்பாவுக்கு, அடக்கவே முடியறதில்ல." அப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், பட்டைகளைச் சரிபார்க்க நஸ்ரின் நேரிலேயே வந்தாள். பகலில் இரண்டு பேரையும் பட்டையைக் கட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்காரச் சொன்னாள். சாமி அறையிலிருந்து ஊதுபத்திப் புகை வந்தது. சுகன்யா தும்மினாள்.

அப்பா நாற்காலியில் நெளிந்தார்.

அவள் மறுபடி தும்மினாள். அப்பா இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். அடுக்குத் தும்மலாக இன்னொன்று வந்தபோது, "அம்மணி, போதுங் கண்ணு" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார்.

நஸ்ரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து வந்து அப்பாவின் பட்டையிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சைப் புள்ளி எட்டிப் பார்த்தது.

"மேடம்" என்றாள் மெதுவாக. "தும்முனது நீங்க. நெளிஞ்சது சாரு."

சுகன்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சூடானது. அப்படியென்றால் ராத்திரியில் எழுப்பியது எல்லாம் அவளுடையது. அதுமட்டுமா? தும்மும்போதும் சிரிக்கும்போதும் கொஞ்சம் கசிந்துவிடுவது. கணக்குப் பார்க்கும் கூட்டங்களில் நடுவில் எழுந்திருக்க வெட்கப்பட்டு நாள் முழுக்க அடக்கி வைப்பது. கணவனிடம்கூடச் சொல்லாதது. டாக்டரிடம் வாய் வரை வந்து திரும்பிப் போனது. அந்த ரகசியம் ராத்திரிதோறும் அப்பாவின் வயிற்றில் போய் விழுந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"மொத வாரமே தெரியும்."

"எப்படி?"

"எனக்கு முட்டிக்கிட்டு வரும். எந்திரிச்சுப் போனா, பாதி நாளு ஒண்ணும் வராது. சும்மா நின்னுட்டு வருவேன். வந்து உக்காந்தாலும் அந்த முட்டல் அப்படியே இருக்கும். அப்பறம் நீ போவே. நீ கதவைத் தொறந்துட்டு வெளிய வாறப்ப எனக்கு லேசாயிரும்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானு செக்கிங் பாத்தவன் அம்மணி. யாரு டிக்கெட்ல யாரு பிரயாணம் பண்றாங்கன்னு தெரியாதா?"

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

"சொல்ல வேண்டியதுதானுங்களே!"

"சொன்னா நீ கழட்டிப்போடுவே."

"அப்ப அந்தக் காபி?"

"உன்ற வயித்துக்கு என்ற காபிய நிறுத்துனே. செரி, புள்ள ஆசப்பட்டுட்டான்னு இருந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். சிரித்ததும் அப்பா நெளிந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. எல்லோர் முன்னாலும் புடவையை அவிழ்த்துப் போட்ட மாதிரி கூசி உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துப் பேசிய அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நஸ்ரின், இப்பவே மாத்திக் குடுத்துருங்க. எனக்கு வந்தது போதும்" என்றாள்.

பட்டைகள் கைமாறின. இந்தத் தடவை சந்தனம் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் விரிப்பு நனைந்திருந்தது. ராத்திரி முழுக்க அவளுக்குத் தன்னுடைய அவசரத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பட்டை கெட்டுப்போய்விட்டதா என்று பார்த்தால், அது அப்பாவின் தலையணைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கழட்டிட்டீங்களா?"

அப்பா விரிப்பின் ஈரத்தைப் போர்வையால் மூடினார். ஈர வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கோபப்படவும் முடியவில்லை. வேட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"தூக்கத்துல தெரியறதில்லீன்னுதானே இத வாங்குனோம்?"

"தூக்கத்துலன்னு நான் எப்பச் சொன்னேன்? டாக்டரு சொன்னாரு. நீ சொன்னே. நானு முழிச்சுத்தான் இருப்பேன்."

"முழிச்சா இருந்தீங்க? இந்த ஒரு வருஷமாவா?"

"வர்றது தெரியும். இந்த மூட்டு வலிய வெச்சுக்கிட்டுத் தனியா எந்திரிக்க முடியாது. உன்னையக் கூப்பிடோணும். பகலெல்லாம் ஆபீசு, வீடுன்னு அல்லாடிட்டுப் படுத்திருக்கற புள்ளைய எதுக்குக் கூப்படறதுன்னு சித்த நேரம் பாப்பேன். இன்னுஞ் சித்த நேரம் தூங்கட்டும்னு பாப்பேன். அப்பறம் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது."

சுகன்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அலாரம், ரப்பர் விரிப்பு, கோயம்புத்தூர் மூளை, எல்லாம் சேர்ந்து தூங்குகிற ஒரு மனிதரை எழுப்பப் பாடுபட்டிருக்கின்றன. அவரோ முழித்துக்கொண்டு, இவள் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"அப்ப பட்டை மாறி இருந்தப்ப மட்டும் எப்படி எந்திரிச்சீங்க? அதே மூட்டுத்தானே?"

"அது உனக்கு வந்தது." ஏதோ வெளிப்படையான விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். "உனக்கு வந்துருச்சு, நீ எப்படியும் எந்திரிப்பேன்னு தெரிஞ்சுதுன்னா எனக்கென்ன கூச்சம்? மூட்டு வலிச்சா வலிக்குதுன்னு ஊனி எந்திரிச்சு உக்காந்துக்குவேன். கூடவே என்றதும் முடிஞ்சிரும். எனக்காக உன்னைய எழுப்பறதுன்னா மாத்திரம் என்னால முடியாது. நீ எந்தப் பட்டை வாங்குனாலும் கழட்டித்தான் வெப்பேன்."

சுகன்யாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. தன் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அப்பாவைக் காங்கயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

தலையணைக்கு அடியிலிருந்த நீலப் பட்டையை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். தான் கட்டியிருந்த பச்சையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு" என்றார் அப்பா, பட்டையை வாங்கிக்கொண்டே. "நானு கல்யாணத்துக்கு வாறேன். நீ ஒரு டாக்டரப் பாரு. இது நல்லதுக்கில்ல. நீ பகல்ல எவ்வளவு அடக்கறேன்னு எனக்குத் தெரியாது. ராத்திரி வாறதப் பாத்தாலே பயமா இருக்குது."

"பாக்கறனுங்கப்பா."

"அப்பறம் அந்தக் காபி."

"அதுவும் தர்றேன்."

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் நல்லபடியாகவே கழிந்தது. பெண்கள் கீழ் ஹாலில், ஆண்கள் மேல் ஹாலில். சுகன்யா எழுந்து படியேறிப் போனபோதெல்லாம் அப்பா மாடிப்படித் தலைப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். மூன்றாவது தடவை, "உங்க வீட்டு ஆளுகளுக்குத் தூக்கமே வராதுங்களா?" என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். காலையில் ஜமுக்காளம் எல்லோருடையதையும் போலக் கசங்கி, காய்ந்து கிடந்தது. அப்பா அதைத் தானே மடித்து வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

காலையில் பட்டையைக் கழற்ற வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தோன்றுவதற்கு நேரம் எங்கே இருந்தது? சுகன்யாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தாம்பூலப் பை எங்கே, மாலை எங்கே, பட்டம் வைத்த தட்டு எங்கே? குளித்துப் பட்டுப்புடவை கட்டியதிலிருந்து அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. இரண்டு தடவை பாத்ரூம் பக்கம் போனாள். அங்கே பெண்கள் வரிசை வாசல் வரை நின்றது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

மேடையில் யாழினி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு அவள் எதிரில் நாற்காலியில் இருந்தார். வீடியோக்காரர் அவர் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டிருந்தார். துளசிமணி அத்தை அண்ணனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் சுகன்யா நின்றாள்.

அவளுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரி வருவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தும்மல் வந்தால் போச்சு. இருமினாலும் போச்சு. அத்தனை பேர் பார்க்கிறார்கள், வீடியோ ஓடுகிறது, கையில் தட்டு. மாம்பழ நிறப் பட்டுப்புடவை. ஒரு சொட்டு பட்டாலும் தெரியும். இப்போது போகிறேன் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்து, கால் விரல்களைத் தரையில் அழுத்தி நின்றாள். மேளக்காரர் வேறு ஓங்கி வாசித்தார். ஹோமப் புகை முகத்தில் அடித்தது. அவள் மூக்கு அரித்தது.

ஐயர் பட்டத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கி, யாழினியின் நெற்றிக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. அவர் திரும்பிச் சுகன்யாவைப் பார்க்கவில்லை. பட்டத்தை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கி நீட்டினார்.

மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதி ராகத்தில் நின்றது.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா. மைக் அதை மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது. "எனக்கு ஒண்ணுக்குப் போகோணும்."

பின்வரிசையில் யாரோ சிறுசுகள் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல நேரம் போயிண்டிருக்கு மாமா. ஒரு முடிச்சுதான், போட்டுட்டுப் போயிடுங்கோளேன்" என்றார் ஐயர்.

"முடியாதுங்க. அடக்க முடியல. அம்மணி, தட்டை அத்தைகிட்டக் குடுத்துட்டு வா. என்னையக் கூட்டிட்டுப் போ."

சுகன்யா தட்டைக் கொடுத்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பார்ப்பவர்களுக்கு மகள் அப்பாவை அழைத்துப் போவது போலத்தான் இருந்தது. அவர் மூட்டு வலியை மறந்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். "வழி உடுங்க, பெரியவருக்கு அவசரம்" என்று யாரோ கத்த, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மணப்பெண் அறையின் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே தனி பாத்ரூம்.

அப்பா அந்த வாசலில் நின்றுகொண்டார். சட்டையிலிருந்த மைக்கைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். "உள்ள போ" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. துளசிமணி அத்தையின் கணவர் சென்னியப்பன் மாமா.

"என்னங்க மச்சான், மைக்குலயே சொல்லிப்போட்டீங்க?" என்றார் மாமா. சிரிப்பும் சங்கடமுமாக இருந்தது குரல்.

"சொன்னா என்னங்க மாப்ள. வயசாச்சு எனக்கு."

சுகன்யா உள்ளே அப்படியே அசையாமல் இருந்தாள். வயசாச்சு என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. படியில் யாராவது கையைப் பிடித்தால் உதறுகிறவர். சொம்புத் தண்ணீர் என்று பொய் சொன்னவர்.

"அவசரம்னீங்க. இங்கயே நின்னுட்டு இருக்கறீங்க?"

"என்ற புள்ள உள்ள தண்ணி வருதான்னு பாக்கறா. பாத்துட்டு வரட்டும்."

"நான் வேணா..."

"இருங்க மாப்ள. அவ பாத்துட்டு வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாமாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தலையைச் சொறிந்துகொண்டே போயிருப்பார். செருப்புச் சத்தம் தேய்ந்தது. சுகன்யா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாமல் உடம்பு குலுங்கியது. தூரத்தில் ஐயர் நேரமாகிறது என்று சொல்வது கேட்டது.

கதவை யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள்.

"நெதானமா வா அம்மணி" என்றார் அப்பா. "நான் போகாமக் கல்யாணம் நகராது."